கண்ணம்மா டி.வி.யில் வந்த ஞாயிறு

கரையான்சாவடியிலிருந்து பாரிவாக்கம் வரைக்கும் வரதன் ஏறாத மொட்டைமாடி கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆன்டெனா கம்பி தூக்கும் கூலியாளாக ஆரம்பித்து, இன்றைக்கு மெயின் ரோட்டில் சொந்தக் கடை வைத்து டிஷ் மாட்டுகிறார். மழையில் படம் நின்றுபோனால், இன்ஜினியர்கள் குடியிருக்கிற ஃபிளாட்டிலிருந்தும் அவருக்குத்தான் போன் வரும். இதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார். சொன்னால் என்ன, உண்மைதானே.

அவர் மனைவி கண்ணம்மா, புருஷன்மாரின் பழக்கங்களைப் பற்றிப் பெண்கள் பேசும் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒரே ஒரு முறை காட்டுவார்கள். மறுபடி போடமாட்டார்கள், நெட்டிலும் வராது. கனடாவில் நர்ஸாக இருக்கும் மகள் சுரேகா ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அம்மாவை டி.வி.யில் பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் அந்த நேரம் அவளுக்கு ராத்திரி டியூட்டி.

மருமகன் பிரசன்னா வீடியோ காலில் வழிகளை அடுக்கினார். சேனலின் ஆப் கனடாவில் திறக்காது. அங்கே கிடைக்கும் தமிழ் பேக்கில் இந்தச் சேனல் இல்லை. ஊரில் இருக்கும் செட்-டாப் பாக்ஸோடு ஒரு கருவியை மாட்டினால், கனடாவில் உட்கார்ந்தபடியே ரெக்கார்டு பண்ணிக்கொள்ளலாம். அது வந்து சேரப் பத்து நாள் ஆகும்.

“இன்னா மாப்ள, எனக்கே வயர் மாட்டக் கத்துக் குடுக்கிறீங்களா?” என்றார் வரதன். “நம்ம பாக்ஸ்ல பென் டிரைவ் சொருவி டைம் வெச்சுட்டா, அதுவா எழுந்து அதுவா புடிச்சுக்கும். புடிச்சது அந்த பாக்ஸ்ல மட்டுந்தான் ஓடும். அப்பால வயர் போட்டுக் கடை லேப்டாப்ல ஏத்தி அனுப்பிடறேன். நீங்க கவலப்படாதீங்க.”

சொன்னபடியே பென் டிரைவைச் சொருகி நேரம் வைத்தார். ஞாயிறன்று பாரிவாக்கத்துச் சம்பந்தி நடேசன், தன் வீட்டுப் பெரிய டி.வி.யில் எல்லோருமாகப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார். வரதனும் கண்ணம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“சுரேகாவுக்கு எப்படி அனுப்பப் போறீங்க?” என்று நடேசன் கேட்டார்.

“நம்ம ஊட்ல அதும்பாட்டுக்கு ஏறிக்கினு கீது சம்பந்தி. படிச்சவங்க பத்து நாள் கேக்கறாங்க, நமக்குப் பத்து நிமிஷ வேல.”

டி.வி.யில் கண்ணம்மாவின் முறை வந்தது. பச்சைப் பட்டுப் புடவை, கையில் மைக்.

“எங்க ஊட்டுக்காரர் வெளிய கெளம்புனா, சுத்தி வந்து எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுவாரும்மா. நான் பொடவ கட்டிக்கினு இருப்பேன், ஃபேன் நின்னுடும். எனக்கு ஒரு சுவிட்ச் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் கெளம்புவாரு.”

கூடம் முழுக்கச் சிரித்தது. வரதனும் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். காலையில் பூட்டை எடுப்பதற்கு முன், டி.வி.க்குப் பின்னால் போன தன் வலது கை அவருக்கு ஞாபகம் வந்தது. பாக்ஸுக்குக் கரண்ட்டே இல்லை. மணி பதினொன்றே கால்.

சிக்னல் வரவில்லை என்று மகளிடம் சொல்லிவிடலாம். ஆனால் தான் மாட்டிய டிஷ்ஷைத் தானே குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் கரையான்சாவடி வாடிக்கையாளர் ஹெலினாவின் நினைப்பு வந்தது. இந்த நிகழ்ச்சி ஓடுகிற நேரத்தில் அந்தம்மா சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விடும். அதற்காக ஞாயிறுதோறும் தானாக ரெக்கார்டு ஆகும்படி போன மாதம் வைத்துக் கொடுத்தவரே வரதன்தான். ஆனால் அன்றைக்கே, “வெளிய போனா சுவிட்ச ஆஃப் பண்ணிடணும், இடி எறங்குனா பாக்ஸ் போயிடும்” என்று கண்டித்துவிட்டும் வந்திருந்தார். எல்லா வாடிக்கையாளருக்கும் அவர் சொல்வது அது. ஒருத்தராவது தன் பேச்சைக் கேட்காமல் இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றுதான்.

பூசை முடிகிற நேரத்துக்கு ஹெலினா வீட்டு வாசலில், கடை லேப்டாப்போடும் கண்ணம்மாவோடும் நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

“நீங்க சொன்னதக் கேட்டா என் ப்ரோகிராம் எப்படிண்ணே ஏறும்?” என்றார் ஹெலினா, கதவைத் திறந்தபடி. “அன்னிக்கு நீங்க தெருமுனை திரும்பினதும் சுவிட்சப் போட்டேன். அப்புறம் ஆஃப் பண்ணவே இல்ல.”

“இவரு சொல்லிக் கேக்காத ஒரு ஆள் இருந்துச்சே” என்றார் கண்ணம்மா.

வயர் போட்டு ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை ஹெலினா கொடுத்த காப்பியைக் குடித்தபடி, வரதன் தன்னைப் பற்றிய புகாரை இரண்டாம் முறை முழுக்கக் கேட்டார். சுரேகாவுக்கு அனுப்பியபோது கூடவே குரலிலும் ஒரு செய்தி போட்டார்.

“அம்மா சொல்றது நெஜந்தாம்மா. இன்னிக்கும் ஆஃப் பண்ணிட்டேன். இது ஹெலினாம்மா ஊட்ல புடிச்சது.”

லேப்டாப்பை மடக்கி எழுந்தார். கை தன்பாட்டுக்கு டி.வி.க்குப் பின்னால் போனது.

“அண்ணே, கைய எடுங்க” என்றார் ஹெலினா. “அடுத்த ஞாயிறும் பூச கீது.”