பத்து நாற்பது பேருந்தின் ஒரே பயணி

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பெரிய சாலையிலிருந்து பிரிந்துவரும் கிளைச் சாலை, தொள்ளாயிரத்து இருபது மீட்டர் ஓடி, எங்கள் தெருவின் கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மதில்மேல் முட்டி நின்றுவிடுகிறது. அதனால் இந்த வழியாக யாரும் எங்கும் போக முடியாது. இங்கே வருகிறவர் எங்களில் யாரையாவது பார்க்க வந்தவராக இருப்பார். இல்லையென்றால் வழி தவறியவராக இருப்பார். போன வருடம் வழி தவறி வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

மதிலை ஒட்டிய கடைசி வீட்டில்தான் ஆபரேட்டர் இருக்கிறார். முப்பத்தெட்டு வயதுவரை லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பிறகு இரண்டே வருடத்தில் இரண்டு கண்களும் போய்விட்டன. எட்டு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது மாதம் மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போனார். அங்கே சேர்ந்து இந்த ஆண்டோடு பதினோரு வருடம். எண்பத்தாறு உள் எண்களும் மனப்பாடம். எந்த டாக்டர் எந்த நேரத்தில் போனை எடுக்கமாட்டார் என்பதும் மனப்பாடம்.

அவருடைய தங்கை அதே மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருடமாக நிரந்தர இரவு வேலை. காலை ஏழு இருபது பேருந்தில் வந்து இறங்குவார், எட்டு மணிக்குப் படுப்பார், மூன்று மணிக்கு எழுவார். ஆபரேட்டர் பத்து நாற்பது பேருந்தில் வேலைக்குப் போய், மாலை ஆறே கால் பேருந்தில் திரும்புவார். அதே பேருந்தில் தங்கை ஏறுவார். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறும் அந்த அரை நிமிடத்தில் வீட்டுச் சாவி கை மாறும். கூடவே ஒரு வாக்கியமும். "குழம்பு அடுப்பு மேல இருக்கு." "தலைவலி மாத்திரை வாங்கிட்டேன்." அண்ணனும் தங்கையும் வாரநாட்களில் விழித்த கண்ணோடு பேசிக்கொள்வது பெரும்பாலும் அவ்வளவுதான்.

"எனக்கு விழிச்ச கண்ணே கிடையாது, அவளுக்கு மட்டும்தான் கணக்கு" என்பார் ஆபரேட்டர்.

காலை பத்து முப்பத்து மூன்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு நிறுத்தத்துக்கு வந்து நிற்பார். பேருந்து மதிலருகே பின்னோக்கி வந்து திரும்பும். திரும்பும்போது பீப், பீப் என்று கத்தும். ஏறுவது அவர் ஒருவர்தான். டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டில் உட்காருவார். மருத்துவமனை வாசலில் இறங்கினால் அங்கிருந்து இணைப்பகத்துக்கு நாற்பத்தாறு அடி. யாருடைய கையையும் பிடிக்காமல் போய் வருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தக் கம்பத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆபரேட்டர் விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கம் வந்த தச்சரைக் கூப்பிட்டார்.

"என்ன ஒட்டியிருக்காங்க? பசை இன்னும் ஈரமா இருக்கு."

தச்சர் படித்தார். "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து பஸ் பெரிய ரோட்டோட திரும்பிடுமாம். இங்க வராதாம். ஏறுறதுக்கு ஆளே இல்லையாம்."

"நல்லாப் படிச்சுப் பாருங்க. எனக்குத்தான் கண்ணு தெரியாது, உங்களுக்குமா?"

"மூணு தடவை படிச்சுட்டேன்யா."

பெரிய சாலை நிறுத்தம் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. நான்கு தடச் சாலை, சிக்னல் கிடையாது. பார்வை உள்ளவர்களே ஓடித்தான் கடக்கிறோம். இனி ஆபரேட்டர் வேலைக்குப் போக வேண்டுமானால் தங்கை பத்து மணிக்கே தூக்கத்தை விட்டு எழுந்து கூட்டிப்போக வேண்டும். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு இரவு முழுதும் நோயாளிகளுக்கு ஊசி போட முடியாது. மீதி இருந்தது ஒரே வழி. மருத்துவமனைக் குடியிருப்பில் ஓர் அறை. தங்கை மறுநாளே விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை ஆபரேட்டர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"அந்தக் குவார்ட்டர்ஸ்ல ஆம்புலன்ஸ் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், எந்நேரமும் ஆளுங்க ஓட்டம். எதையும் காதால பிரிக்க முடியாது சார். இங்க உங்க கேட்டு கிறீச்சுனா நீங்க, தச்சர் வீட்டு கேட்டு டொங்குனா தச்சர். நான்பாட்டுக்கு நடப்பேன். அங்க போனா நான் பார்சல். யாராவது தூக்கிட்டுப் போய் வைக்கணும்."

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பேருந்து அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் அம்மா குறை கேட்க வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமையே தச்சர் என்னிடம் வந்துவிட்டார். நான் இருபத்திரண்டு வருடமாக மழை அளவு, தெருவிளக்கு எரியும் நேரம், பேருந்து வரும் நேரம், ஏறுவோர் எண்ணிக்கை எல்லாம் குறித்து வைக்கிறேன் என்பது தெருவுக்கே தெரியும்.

"நோட்டுல தினம் பத்துப் பேர்னு மாத்தி எழுதிடுங்க சார். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே" என்றேன்.

"உங்க நேர்மையைத் தூக்கி அந்த மதில் மேல வைங்க. அந்த மனுஷன் தெருவை விட்டே போறார்."

சனிக்கிழமை நிறுத்தத்தின் அருகே நாற்காலிகள் போட்டோம். மேற்பார்வையாளர் அம்மா என் நோட்டைக் கேட்டு வாங்கி, விரல் வைத்துப் படித்தார். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. காலையில் ஆபரேட்டர், மாலையில் அவர் தங்கை.

"எங்க கணக்கும் இதேதான் ஐயா. நீங்களே எங்களுக்குச் சாட்சி சொல்லிட்டீங்க" என்று சிரித்தார். தச்சர் என்னை முறைத்தார். ஆபரேட்டர் தலை குனிந்துகொண்டார்.

நான் ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் நாளுக்குப் பதின்மூன்று, பதினான்கு என்று இருந்தது. மார்ச் பதினொன்றாம் தேதியிலிருந்து இரண்டு.

"ஒரே நாள்ல பதினோரு பேர் எங்க போனாங்க? வீடு காலி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

பதில் எனக்குத் தெரியும். அதை எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் நர்ஸ் எதிரிலேயே. அவர் இரவு வேலைக்கு மாறிய வாரம், கண் சிவந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். எட்டு ஐந்து, எட்டு நாற்பது, ஒன்பது பதினைந்து என்று மூன்று பேருந்துகள் அவருடைய ஜன்னலின் கீழே திரும்பிக் கத்தினால் எப்படித் தூங்குவார்? நானே வீடு வீடாகப் போனேன். காலையில் எல்லாரும் பெரிய சாலை வரைக்கும் நடந்து அங்கே ஏறுவோம் என்று பேசி முடித்தேன். நர்ஸுக்குச் சொல்ல வேண்டாம், சொன்னால் சங்கடப்படுவார் என்றும் சொன்னேன். இங்கே ஆள் நிற்காததால் டிரைவர்களும் அந்த மூன்று நடைகளுக்கு உள்ளே வருவதை விட்டுவிட்டார்கள். மாலையில் எல்லாரும் இங்கேதான் இறங்குகிறோம். ஆனால் அலுவலகம் ஏறுகிறவர்களை மட்டுமே எண்ணுகிறது. தச்சர் மரம் அறுப்பதையும் மூன்று மணிக்குமேல் வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

நர்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்காகவா? சார், நான் படுத்தா பக்கத்துல கட்டடம் இடிஞ்சாலும் எழுந்திரிக்க மாட்டேன்! எல்லாரும் சுகருக்காக நடக்குறீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

"எனக்கு எங்கம்மா சுகரு?" என்றார் ஒன்பதாம் வீட்டுத் தையல்காரம்மா. "ஆறு வருஷமா நடந்து நடந்து செருப்புதான் தேஞ்சுது."

ஆபரேட்டர் முதன்முறையாக நிமிர்ந்தார். "பத்து நாற்பது பஸ் தினம் அவ ஜன்னலுக்குக் கீழதானே கத்துது? அதுல அவ எழுந்திரிச்சாளான்னு ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஆபரேட்டருக்கு வேறு வழியில்லை, அந்த ஒரு பேருந்தை மட்டும் நர்ஸ் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அந்தப் பேருந்து திரும்பிய நிமிடத்தை ஆறு வருடமும் தவறாமல் குறித்தவனும் நான்தான்.

மேற்பார்வையாளர் அம்மா சிரித்து முடிக்க நேரமானது. பிறகு சொன்னார்: "நடந்து போய் அங்க ஏறினா நான் எப்படி இங்க எழுத முடியும்? மூணு பஸ்ஸையும் உள்ள அனுப்பச் சொல்றேன். இங்கயே ஏறுங்க. பதினஞ்சு வேலை நாள் எங்க ஆள் எண்ணுவார். ஒருநாள்கூடப் பன்னெண்டுக்குக் கீழ போகக் கூடாது. போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எங்களிடம் இருந்தது பதின்மூன்று பேர். ஒருவருக்குமேல் படுக்க அனுமதி இல்லை. நான்காம் நாள் தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல், பன்னிரண்டு. ஒன்பதாம் நாள் தையல்காரம்மா தேறிவிட்டார், ஆனால் தச்சருக்கு முதுகுப் பிடிப்பு. கூடவே இரண்டாம் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு விடுப்பு. தச்சர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, வேலையே இல்லாமல் பேருந்தில் ஏறினார்.

"எங்க போறீங்க?" என்று எண்ண வந்தவர் கேட்டார்.

"வலிக்கு வழி தேடித்தான்" என்றார் தச்சர். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று மருத்துவமனையில் இறங்கி, முதுகைக் காட்டி மாத்திரையும் வாங்கி வந்தார். அன்றும் பன்னிரண்டு.

ஆபரேட்டர் அந்த நாட்களில் ஒவ்வொரு மாலையும் இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை?" என்பதுதான். தங்கையிடம் சாவி வாங்கும்போது அவர் சொல்கிற ஒரே வாக்கியமும் அந்த எண்ணாகவே ஆகிவிட்டது. "பதிமூணு." "பன்னெண்டு." நர்ஸ் அதைக் கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்.

இருபத்தாறாம் தேதி புதுத் தாள் ஒட்டினார்கள். நிறுத்தம் நீடிக்கும், காலை மூன்று நடைகளும் உள்ளே வரும். மறுநாளே நர்ஸ் குடியிருப்பு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். வெளிவேலை இல்லாத நாளில் தச்சர் இப்போது ஒன்பது மணிக்கே மரம் அறுக்கிறார். எங்கள் தெரு முன்னைவிடச் சத்தமாக இருக்கிறது. நர்ஸ் மூன்று மணி வரைக்கும் அசையாமல் தூங்குகிறார்.

தையல்காரம்மா தன் கடையைப் பதினொரு மணிக்குத் திறந்தால் போதும் என்று முடிவு செய்து, பத்து நாற்பதுக்கு மாறிக்கொண்டார். முதல் நாளே முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேட்டர் ஏறி, சீட்டில் கை வைத்து, துணிப்பையைத் தடவி நின்றார்.

"யாரும்மா அது? பதினோரு வருஷமா இது என் சீட்டு."

"பேர் எழுதியிருக்கா?"

"எழுதியிருந்தாலும் நான் எப்படிப் படிக்கிறது? தள்ளி உட்காருங்க."

தையல்காரம்மா தள்ளி உட்கார்ந்தார். பேருந்து கத்திக்கொண்டே பின்னால் வந்து திரும்பியது. பெரிய சாலை வரும்வரை இருவரும் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டே போனதாக டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார்.