மூன்று பேர் ஆட்டத்தில் ஒருவனையே பார்த்தது

நடுவில் ஐந்து சீட்டை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவைத்து ஆடுகிற ஆட்டத்தைத் துபாய் வந்துதான் பார்த்தேன். போக்கர் என்றார்கள். குத்தாலம் பக்கம் எங்களுக்கு ரம்மி தெரியும். அதில் அவனவன் சீட்டு அவனவன் கையில். இங்கே கையில் இரண்டுதான். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் பணம் வைத்து ஆடக்கூடாது. கொண்டைக்கடலை வைத்து ஆடுவோம்.

சொல்லித்தந்தவன் அறையில் கூட இருந்த ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன். நல்ல சீட்டு வந்தால் இறங்கு, எதிரே இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்ல சீட்டுக்குக் காத்திரு என்பான். அப்படி ஆடியவரை நான் பெரிதாகத் தோற்றதில்லை. அறையில் மூன்றாமவன் சீர்காழி செல்வராசு. கையில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் அதிகம் பேசுவான்.

தையில் ஒருவருக்குத்தான் லீவு, நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். கடலை முழுதும் யாரிடம் சேருகிறதோ அவன் போகட்டும் என்றான் ரோமெல். தையில் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுப் பந்தலுக்கு அழைத்து வரவேண்டியவன் நான். அதை இவர்களிடம் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். கடைசியில் என் கையில் இரண்டு பத்து.

"என்னண்ணே, ரூட் பஸ்ஸு மாதிரி நின்னு நின்னு போறீங்க. ஏத்துறதுன்னா ஏத்துங்க" என்றான் செல்வராசு.

அவனிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துபோயிற்று. ரோமெலும் ஆட்டத்தில் இருந்தான், சத்தமில்லாமல். நான் அவனைப் பார்க்கவே இல்லை. என் கடலை முழுவதையும் தள்ளினேன். ரோமெல் தள்ளினான். ரோஷத்தில் செல்வராசும் தள்ளினான். செல்வராசிடம் நான் நினைத்தபடி ஒன்றுமில்லை. ரோமெல் கையில் இரண்டு எட்டு, நடுவில் ஒரு எட்டு. மூன்று எட்டுக்கு முன்னால் இரண்டு பத்து நிற்காது.

"யூ லுக் ஒன்லி ஹிம்" என்றான் ரோமெல்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடினோம் என்கிறான் என்று நினைத்து, "நோ சீட்டிங்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கடலையைக் கூட்டினான்.

ஊரில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷமும் இதே கதைதான். கிழக்கு வயல் கோவிந்தன் எங்கள் மடையை அடைத்துவிடுவார் என்று மண்வெட்டியோடு பகல் முழுக்க அவரையே பார்த்து நின்றேன். அவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மேற்கு வயல்காரர் தண்ணீரைத் திருப்பிக்கொண்டுவிட்டார். எங்கள் நாற்று காய்ந்தது.

ஆடிய அன்று சாயங்காலம், ஏன் சாப்பிடவில்லை என்று செல்வராசு கேட்டபோதுதான் கல்யாணத்தைச் சொன்னேன்.

"தங்கச்சி கல்யாணமா? ஏண்ணே முன்னாடியே சொல்லல? எனக்கு வீடு கட்டுற வேலதானே, மாசில போயிப் பாத்துக்குவேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா சீட்டையே தொட்டிருக்க மாட்டேன். ரோமெல்கிட்ட பேசவா?"

"வேண்டாம். அவனுக்கும் ஊர் இருக்கு."

கல்யாணத்தன்று வேலை விட்டுவந்து, பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா வந்தது.

"மாலை யாரு போட்டா?"

"சித்தப்பா மவன்தான்டா. நீ குடுத்தனுப்புன பட்டுச் சட்டைய அவனுக்குப் போட்டு நிக்க வச்சோம். அளவா இருந்துச்சு."

எனக்கென்று எடுத்து, ஊர் போன ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய சட்டை. அது போய்ப் பந்தலில் நின்றிருக்கிறது. நான் சிமெண்டு படிந்த கம்பெனி சட்டையில் போனைப் பிடித்தபடி நின்றேன். முடிந்ததா என்று பின்னால் நின்றவர் இந்தியில் கேட்டார்.