ஊதிவிட்ட உமி

மலையில் புல்வகைகள் சேகரிக்கப் போவதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு மகள் கொண்டுவந்த கல்லூரிப் படிவம் மூன்று நாளாக மேசைமேல் கிடக்கிறது. பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒன்பது வயது. நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் சித்தப்பா ஒருவர்தான் கல்லூரி வரை போனவர், தாவரவியல் ஆராய்ச்சி. கொல்லிமலையில் ஒரு பாறை இடுக்கில் சில குத்துகளே மிஞ்சியிருந்த புல் ஒன்றைக் கொண்டுவந்து, செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, தட்டையாக உலர்வதற்காக மேலே அம்மிக்குழவியை ஏற்றியிருந்தார்.

"தோட்டத்துல களை வெட்ட ஆளக் காணோம். தொரை மலையேறிப் போயிப் புல்லுப் புடுங்கிட்டு வாராரு" என்றார் அப்பா.

"இதுக்கு இன்னும் பேரே வெக்கலீங்கண்ணா."

"பேரு வெச்சா மாடு ரெண்டு வாய் சேத்தித் திங்குமா?"

ஈரத்தாளைத் தினமும் மாற்றுவது என் வேலை. மூன்றாம் நாள் தாள் முழுக்க உமி உதிர்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் எந்தத் தானியத்தையும் உமியை ஊதிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். நானும் வாசலுக்குக் கொண்டுபோய் நன்றாக ஊதிவிட்டு, புதுத்தாளில் புல்லை வைத்தேன்.

சாயங்காலம் சித்தப்பா ஒவ்வொரு தாளாகத் தேடினார்.

"உமி ஏதாச்சும் கொட்டிக் கெடந்துச்சா சாமி? அதுல நரம்பு எத்தன, முள்ளு இருக்குதான்னு பாத்தாத்தான் எந்த இனம்னு பிரிக்க முடியும். வெறும் புல்லுத்தட்ட வெச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது."

"இல்லீங்க சித்தப்பா."

"அப்ப மலையிலயே கொட்டியிருக்கும். நாந்தான் பாக்காம வந்துட்டேன்."

மறுநாள் தூறலோடு மறுபடி மலையேறினார். ஈரப்பாறையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தவரை மலைக்காரர்கள் கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, அவர் சட்டைப்பையில் இருந்தவற்றை அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சீப்பு, பஸ் டிக்கெட், சிறிதாக மடித்த செய்தித்தாள். பிரித்தார். உள்ளே பத்துப் பதினைந்து உமி, ஒவ்வொன்றின் நுனியிலும் மயிரிழை போல ஒரு முள்.

"ஒண்ணுமில்ல, வெறும் உமி" என்று அப்பா ஊதினார்.

அது என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். நான் வாய் திறக்கவில்லை. முதலில் உதிர்ந்த உமி எங்கே போனதென்று இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. போன காரியத்தை முடித்துவிட்டுத்தான் அவர் விழுந்தார் என்று சொல்வதற்கு உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

"ஒரு புல்லுக்காகப் போயி, அதுவுமில்லாம வெறுங்கையோட வந்தானே எந்தம்பி" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.