பாதம் பாதமாக ஓட்டை

ரஃபீக் தன் ஷெட்டில் ஷூ கம்பெனிக் கழிவு ரப்பரை அரைத்து, உருக்கி, வாசலில் போடும் மிதியடி செய்கிறான். ஆம்பூர் பைபாஸில் அந்த வாடை வந்தாலே எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். ஒரே தெருவில் வளர்ந்த சின்ன வயதிலும் அப்படித்தான்.

அவன் அப்பா ஷூ கம்பெனியில் சோல் வெட்டுகிறவர். வெட்டியதுபோக மிஞ்சும், பாதம் பாதமாக ஓட்டை விழுந்த ரப்பர் ஷீட்டுகளைக் கொண்டுவந்து, குளிக்கிற இடத்துக்கு மறைப்புக் கட்டினார். தெருவே மெச்சியது. தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து என் நைனா கொண்டுவந்தது நாற்றம் மட்டும்தான்.

நான் அழுது அடம்பிடித்ததில் நைனாவும் ரெண்டு ஷீட் கேட்டு வாங்கி வந்தார். ரஃபீக் வீட்டைவிட அழகாக இருக்கணும் என்று, ஓட்டைமேல் ஓட்டை பிசகாமல் பொருத்தி நானே கட்டினேன். முதல் ஆளாகக் குளிக்கவும் நின்றேன்.

வெளியே ரஃபீக் குரல் கேட்டது.

"டேய் மணி, முதுகுல சோப்பு அப்டியே கீதுடா!"

"உனக்கு எப்டிடா தெரியுது?"

"எங்கப்பா ஒரு ஷீட்டு ஓட்டைய இன்னொரு ஷீட்டால அடைச்சாரு. நீ இன்னாடா, தெருவுக்கே ஜன்னல் வெச்சிகீற!"

நேற்று அவன் எனக்கு ஒரு மிதியடி சும்மாவே கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பாவி, குறை சொல்ல ஒரு ஓட்டைகூட இல்லை.