காப்புக் கட்டியவளுக்கு ஊசி இல்லை

என் பெரியப்பா மகள் என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்காக ஆயுள் முழுக்க நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் பெரியவர்கள் சொன்ன தீர்ப்பு. ஒன்பது வயது வரை நான் அதற்குக் கட்டுப்படவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் விழும். அதனால் ‘இந்தா’, ‘ஏய்’, ‘உன்னத்தான்’ என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏன்டி, அக்கான்னு சொன்னா பல்லு கொட்டிருமா?” என்று அம்மா கேட்கும். அப்போது எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டுதான் இருந்தது. வீணாக எதற்கு ஆபத்து என்று நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

நாச்சியாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் எங்கள் ஊர். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் இருவரும் நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவளுக்கு இடுப்பைத் தாண்டிய சடை. எனக்குப் பேனுக்குப் பயந்து அம்மா வெட்டிவிட்ட கிராப்பு. இதற்கு மேல் பொறாமைக்குக் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பங்குனியில் காரணங்கள் வரிசைகட்டி வந்தன.

முதலில் வந்தது காப்புக் கயிறு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சலும் வலிப்பும் வந்து பிழைத்தவள். பிழைத்தால் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று பெரியம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காய்ச்சலால் அப்போது போட வேண்டிய அம்மை ஊசி தள்ளிப்போய், அப்படியே விட்டுப்போயிற்று. ஊசி விட்டுப்போன கதை எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று என் கண்ணில் பட்டதெல்லாம் அவள் கையில் இருந்த கயிறுதான். மஞ்சளில் நனைத்து, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு வைத்து முடிந்த கயிறு.

அது கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தனிப் பாய், தனி டம்ளர். அந்த வீட்டில் தாளிப்பு நின்றுபோனது. அவள் காலில் செருப்புக் கிடையாது. அவள் மேல் யாரும் கை வைக்க முடியாது. பல் போன கிழவர்கள் எல்லாம் அவளை “வா ஆத்தா, போ ஆத்தா” என்றார்கள். சண்டை வந்தால் அவள் திருப்பித் திட்டுவதில்லை, மணிக்கட்டை மட்டும் நீட்டுவாள். “காப்புக் கட்டிருக்கேன். தொடாத.” என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு ஒரு பானைப் பொங்கல் வைத்திருக்கலாம்.

எனக்கும் ஒன்று கட்டிவிடு என்று அம்மாவிடம் போய் நின்றேன். “ஒனக்கு எதுக்குடி? ஒரு நோவா நொடியா? கல்லுக்குண்டு மாதிரி இருக்க” என்றது. அவளுக்கு வலிப்பு வந்ததற்குக்கூடப் பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காப்புக் கட்டிய நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸம்மா வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மை ஊசி. அந்த ஊசியைப் போட்டால் அப்படி ஆகும் இப்படி ஆகும் என்று அந்தச் சமயத்தில் ஃபோனுக்கு ஃபோன் செய்தி பறந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பிலேயே நாலைந்து பேர் ‘என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று அப்பா எழுதிய சீட்டோடு வந்தார்கள். பெரிய டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டார். “ஃபோன்ல வர்றதெல்லாம் உண்மைன்னா எனக்கு இந்நேரம் அஞ்சு காரு பரிசு விழுந்திருக்கணுமேய்யா. டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டில்ல வாரேன்!” என்று அவர் கேட்டதில் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன.

கிழியாதது பெரியம்மா மட்டும்தான். சீட்டெல்லாம் எழுதாமல் நேரிலேயே வந்துவிட்டது.

“காப்புக் கட்டுன பிள்ளைக்கு ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது தாயி. நீங்க ஊசியப் போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவீக. ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?”

“அம்மா, ஆத்தா வராம இருக்கத்தானே இந்த ஊசியே” என்றார் நர்ஸம்மா.

“வராம இருக்கவா? நல்லாருக்கே! வா வான்னு கூப்புட்டுல்ல காப்புக் கட்டிருக்கோம்!”

பெரிய டீச்சர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. நோட்டில் அவள் பேரை எழுதி அடியில் கோடு போட்டார். “சரிங்கம்மா. விட்டுப்போன பிள்ளைகளுக்குப் போட மறுபடி வருவேன். காப்ப அவுத்துட்டு அன்னைக்கு அனுப்பி வைக்கணும். எனக்காக இல்ல, பிள்ளைக்காக.” பெரியம்மா தலையை ஆட்டியது.

எங்கள் பெஞ்சில் கையை நீட்டாதவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஊசி கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது, அவ்வளவுதான். போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக இடது கட்டைவிரல் நகத்தில் ஊதா மை வைத்தார்கள். அவளோ ஜன்னலோரம் உட்கார்ந்து சாமி மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் அவளிடம் கதையை அவிழ்த்துவிட்டேன். “ஊசி இந்தா நீளம். எலும்புல போயி டங்குன்னு முட்டுச்சு. இனிமே இந்தக் கையில சோறு அள்ளித் திங்க முடியாதாம்.” எனக்குப் போட்டது இடது கையில் என்பதை அவள் யோசிக்கவில்லை. கண் இரண்டும் குளமாகிவிட்டது. அந்தப் பத்து நாளில் எனக்கு இறங்கிய ஒரே நல்ல சோறு அன்று ராத்திரிச் சோறுதான்.

பால்குடத்தன்று அவள் மஞ்சள் பாவாடையும் தலையில் குடமுமாக நடந்து வந்தாள். வாசலுக்கு வாசல் அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். என் அம்மாவும் ஒரு குடம் ஊற்றி, குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. என்னைப் பெற்ற அம்மா! அன்று நான் யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் காப்பை அவிழ்த்தார்கள். அதைக் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வர அவளை அனுப்பினார்கள். அவள் கோயிலுக்குப் போகாமல் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்தாள். நர்ஸம்மா திங்கட்கிழமை வருகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

“எனக்கும் நகத்துல மை வச்சு விடேன்” என்றாள்.

“என்ன தருவ?”

பாவாடையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். காப்புக் கயிறு. அரிசி மில்லில் மூட்டைக்கு நம்பர் போட அப்பா வைத்திருந்த மார்க்கர் வீட்டில் கிடந்தது. நிறமும் ஊதா. நர்ஸம்மா வைத்ததைவிட அழகாக, நகத்தை விட்டு வெளியே போகாமல் நான் வைத்தேன்.

திங்கட்கிழமை நர்ஸம்மா கோடு போட்ட பேரைப் படித்தார். “டவுன்ல போட்டாச்சு” என்று அவள் விரலைக் காட்டினாள். நர்ஸம்மா நகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். “யாரு கூட்டிட்டுப் போனா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். “பெரியப்பா கூட்டிட்டுப் போனாக சிஸ்டர். நானும் கூடத்தான் போனேன். அழுகவே இல்ல.”

நர்ஸம்மா பேனாவைத் திறந்தார். பிறகு ‘டிக்’ போட்டார். நான் அழுத்தமாகச் சொன்ன பொய்களில் முதல் இடம் அதற்குத்தான்.

கயிறு என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போனது. யாரும் இல்லாதபோது கட்டிப் பார்ப்பேன். ஆத்தா என்று என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா வழக்கம்போலத் திட்டியது.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்து கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. கண் சிவந்து, மேலெல்லாம் சிவப்பாகத் தடித்தது. பெரியம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, “ஆத்தா வந்துருக்கா” என்றது. மறுபடியும் தனிப் பாய். இளநீர் வந்தது. நுங்கு வந்தது. அந்த வீட்டுப் பக்கம் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. என்னை வாசல்படியோடு நிறுத்திவிட்டார்கள். நான் கொட்டகையில் உட்கார்ந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கயிறு என்னிடம் இருக்கிறது. ஆத்தா அவளிடம் போயிருக்கிறாள். இது என்ன நியாயம்?

ஆறாம் நாள் அவள் காதிலிருந்து சீழ் வந்தது. தகவல் தெரிந்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். பெரியப்பா காரைக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடத்தில் போட்டார்கள் என்று பெரியம்மா நம்பியிருந்த ஊசி போடவே இல்லை என்பது அங்கே தெரிந்துபோனது. அப்படியென்றால் நகத்தில் மை வைத்தது யார் என்று திரும்பி வந்ததும் பெரியம்மா அவளை உலுக்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதை வைத்து நின்றேன்.

“நானேதான் வச்சுக்கிட்டேன்” என்றாள் அவள்.

நானாக இருந்தால் முதல் அதட்டலுக்கே ஒப்பித்திருப்பேன். அவள் அப்படிச் சொன்னதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் இந்தப் பொறாமை வேறு மாதிரி இருந்தது. வயிறு எரியவில்லை, ராத்திரிச் சோறுதான் இறங்கவில்லை.

அம்மை இறங்கி அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு, ஒன்பது வருஷமாகச் சொல்லாத அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய இடது காது கேட்கவில்லை என்பதைப் பெரிய டீச்சர்தான் பல மாதம் கழித்துக் கண்டுபிடித்தார். மதுரையில் டாக்டர் சோதித்துப் பார்த்து, அம்மையில் போன காது, இனித் திரும்பாது என்று சொன்னது அதற்கும் பிறகு. இன்றும் பஸ்ஸில் ஏறினால் அவள் எனக்கு இடப்பக்கம் வந்துதான் உட்காருவாள். நான் பேசுவது அவளுடைய வலது காதில் விழ வேண்டுமே. ஏன் அப்படி உட்காருகிறாள் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தண்ணீர் ஊற்றிய அன்று அவள் கிணற்றடியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, அந்த நீளமான தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகப் போய், தொடுகிற தூரத்தில், அவளுக்கு இடப்பக்கமாக நின்றேன். உள்ளங்கையில் கயிறு வியர்த்துப்போயிருந்தது.

“அக்கா” என்றேன். சத்தம் பாதிதான் வந்தது.

அவள் திரும்பவில்லை. முடியை முன்னால் எடுத்துப் போட்டு விரலால் சிக்கெடுத்தாள்.

“அக்கா” என்றேன் மறுபடியும், கொஞ்சம் கூட்டி. அவள் துவைகல்லில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு திமிர் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்! சாமியே இரண்டு தடவை வந்துவிட்டுப் போன உடம்பல்லவா, நம்மை எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? இனிச் செத்தாலும் இவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.