இந்திப் படத்துக்கு நான் சொன்ன முடிவு

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகரில் மகன் வீட்டில் உட்கார்ந்து ஒரு இந்திப் படம் பார்த்தேன். தியேட்டரில் இல்லை, டிவியில்தான். பாதிச் சுவரை அடைக்கிற டிவி. நான் வாங்கிக் கொடுத்தது — இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

படம் புதுசு. கதை பழசு. இருவர் காதலிக்கிறார்கள், வீட்டில் பகை, பெண்ணின் அப்பா குறுக்கே நிற்கிறார், கடைசியில் இரண்டு பேரும் சாகிறார்கள். இந்திக்காரர்களுக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. தலைமுறைக்கு ஒரு தடவை தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்போது குதிரை, இப்போது பைக். அப்போது தூதுக்குப் புறா, இப்போது செல்போன். மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்று கதாநாயகி ஒரு முழுப் பாட்டுக்கு அழுகிறாள்! அழுகிறவள் கழுத்தில் கிடக்கிற நகையை வைத்து நம்ம ஊரில் ஒரு தெருவுக்கே கல்யாணம் பண்ணலாம். இதில் எங்கே சார் கஷ்டம்?

கீழே தமிழில் எழுத்து ஓடியது. என் மனைவி பாக்கியத்துக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி, படிக்க முடியாது. நான் ஐந்தாம் கிளாஸ். எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் கதாநாயகன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான்.

"மாமா, நீங்களே கதை சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னீங்களே... அந்த மாதிரி" என்றாள் பாக்கியம்.

அந்த 'அன்னைக்கு' என்ன என்று சொல்வதற்கு முன்னால், நாங்கள் எதற்கு அங்கே போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி நிவேதா புனேயில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற நாக்பூர் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். என் மகன் வேலு பொங்கலில் இருந்து அவளிடம் பேசுவதில்லை. அவளும் ஊருக்கு வருவதில்லை. போனில் பாட்டியிடம், "அப்பா வான்னு சொல்லாம நான் வர மாட்டேன்" என்கிறாள். பாக்கியத்துக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதுகூட வரவில்லை. அதுதான் இவளைக் கிளப்பியது. "வாங்க, போயி அவங்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேப்போம்" என்று கடலூரிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கேட்டோம்.

"பையன் நல்ல பையன்தாம்பா. ஆனா அவுங்க பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவுங்களுக்குப் புரியாது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் போயி யார்கிட்ட என்னன்னு பேசுறது? உட்டுருங்க" என்றான் வேலு. அதோடு பேச்சை முடித்து டிவியைப் போட்டுவிட்டான்.

இப்போது அந்த 'அன்னைக்கு' கதை.

இன்று கடலூர் வட்டாரத்தில் கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் நம்முடையதுதான். சந்தேகம் இருந்தால் யாரையும் கேளுங்கள். ஆனால் ஆரம்பம்? அண்ணாகிராமம் பக்கம் ஒரு டென்ட் கொட்டகையில் மைக் பிடிக்கிற பையன். மாட்டு வண்டியில் விளம்பரத் தட்டி கட்டிக்கொண்டு, "இன்றே கடைசி!" என்று வாரம் முழுக்கக் கத்துகிற வேலை. பாக்கியம் என் தாய்மாமன் மகள். முறைப்பெண். மாமாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது, மீசையும் இருந்தது. "கொட்டாயில கத்துறவனுக்கு என் பொண்ணா?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முந்திரி விற்று ஊரார் கையில் காசு புரளும் நேரம் பார்த்து, கொட்டகை முதலாளி ஒரு பக்திப் படத்துக்கு ஏற்பாடு செய்தார். சினிமாவே பார்க்காத மாமா, சாமி படம் என்றதும் குடும்பத்தோடு வந்து பின்னால் சேரில் உட்கார்ந்துவிட்டார். கொட்டகை நிறைந்துவிட்டது. பஸ்ஸில் வந்த படப்பெட்டியைத் திறந்தால்... உள்ளே இந்திப் படம்! பெட்டி மாறிவிட்டது.

முதலாளிக்கு உடம்பெல்லாம் வியர்வை. "டிக்கெட்டு வித்தாச்சு, கொட்டாயக் கொளுத்திருவானுங்கடா!"

"போடுங்க மொதலாளி, நான் சொல்றேன்" என்று மைக்கை எடுத்தேன். எனக்கு இந்தி தெரியுமா? 'நமஸ்தே' தெரியும்.

ஆனால் காதலுக்கு என்ன மொழி வேண்டியிருக்கிறது? அவன் பார்க்கிறான், அவள் தலையைக் குனிகிறாள். அவளுடைய அப்பன் கத்துகிறான். அந்த இடத்தில் எனக்கு வசனமே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமா எனக்குச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

கடைசியில் அந்தப் பெண் எதையோ குடித்துவிட்டுச் சாய்கிறாள். அவள் மேல் அவனும் விழுகிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. "மயக்கம்தான்! பயப்படாதீங்க!" என்றேன். அப்பன் மார்பில் அடித்துக்கொண்டு வருகிறான். "பாருங்க, மனசு மாறிட்டாரு! சந்தோஷம் தாங்காம அடிச்சுக்குறாரு!" பூப்போட்டு இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் விடுவேனா? "கல்யாண ஊர்வலம் பொறப்பட்டுருச்சு!"

கொட்டகையே கை தட்டியது. மறுமாதம் மாமா வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கொட்டகையையே நம்ப வைத்த கெட்டிக்காரன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். டிவியில் கடைசிக் காட்சி. மழை, ரத்தம், பின்னால் நூறு வயலின். "அப்பன் ஓடி வர்றான், பாக்கியம். சேத்து வைக்கப் போறான்" என்றேன்.

"சும்மா பொய் சொல்லாதீங்கப்பா. ரெண்டு பேரும் செத்துட்டாங்க" என்றான் வேலு. கண் டிவியிலேயே இருந்தது.

பாக்கியம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அன்னைக்கும் செத்துத்தான்டா போனாங்க. கொட்டாயில இருந்த எல்லாருக்கும் தெரியும். பாடைக்கும் பல்லக்குக்கும் வித்தியாசம் தெரியாதா எங்களுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமாவுக்குமா?"

"எங்கப்பாவுக்கு மொதல்லயே தெரியும். வீட்டுக்கு வந்து கால் கழுவிட்டு அம்மாகிட்ட சொன்னாரு. 'எவ பெத்த பொண்ணோ, செத்துக் கெடக்குறா. அவளையே சாவ உட மாட்டேங்குறான்டி அந்தப் பய. நம்ம பொண்ணையா உட்டுருவான்?'ன்னாரு. அதுக்குத்தான் என்னக் குடுத்தாரு. வேலு, உங்க அப்பா வாய் சாமர்த்தியத்துக்கு இல்லடா."

எத்தனை வருடம் இதை என்னிடம் சொல்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் பாருங்கள்!

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"நிவேதா... அப்பாதாம்மா... சாப்டியா?" அந்தப் பக்கம் அழுகிறாள் போலிருக்கிறது. "பாட்டியப் பாக்க வந்துட்டுப் போம்மா. அந்தப் பையனோட அப்பாகிட்டயும் வீடியோல பேசணும்னு சொல்லு."

வாசலில் இருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, பேசுற அன்னைக்கு நீங்களும் கூட இருங்க. எனக்கு ஒண்ணும் புரியாது."

இந்தச் சோகப் படங்களை இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கட்டும். நான் குறை சொல்ல மாட்டேன். சில அப்பாக்களுக்கு ஒரு படம் முழுசாக ஓடித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை நாக்பூர்க்காரரோடு பேசப் போகிறேன். இந்தி? இன்றுவரை 'நமஸ்தே' மட்டும்தான். ஆனால் முடிவு எனக்குத் தெரியும்.