இருமல் ஒரு காரணம்

மேஸ்திரியின் நெஞ்சுக்கூட்டை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே படமாகத்தான். பழுப்பு உறையிலிருந்து உருவி, எங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அவரே அதைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளை, ரவையை அள்ளித் தூவினதுபோல. "பாத்துக்குங்க டீச்சரம்மா, இருபத்திரண்டு வருஷத்துக் கல்லு" என்றார்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலையில் ஒரு தொடக்கப்பள்ளியில் எனக்கு வேலை. கணவர் தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். மாமனார் விட்டுப்போன பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவது வழக்கம். அப்படித்தான் மேஸ்திரி, மனைவியோடும் பத்தொன்பது வயது மகளோடும் வந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். படியேறி வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருமினார். பிறகுதான் வணக்கம் சொன்னார்.

சொந்த ஊர் எது என்று கேட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்றார். எந்தத் தெரு என்று கேட்டேன். அந்தக் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா காலத்துலயே தங்கவயலுக்குப் போயிட்டோங்க. அங்க தெரு கிடையாது, லைன்தான்" என்றார். மனைவியின் சேலை கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தது. மகள் கான்வென்டில் படித்தவள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

தங்கச் சுரங்க ஊரான தங்கவயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். மழை பொய்த்த ஒரு காலத்தில், ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பின்னால் அவருடைய தாத்தா கிளம்பிப் போனார். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். நிலம் இல்லாதவர்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். அவர்கள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியிருந்து பூமிக்குள் இறங்க, மேலே ஒரு நகரம் வளர்ந்தது. துரைமார்களின் பங்களாவும் கிளப்பும் ஒரு பக்கம், பத்தடி அறைகளாகத் தொழிலாளர் லைன்கள் இன்னொரு பக்கம். நம் ஊர்களில் சிம்னி விளக்கு எரிந்த நாளிலேயே அங்கே மின்சாரம் இருந்ததாம். சுரங்கத்துச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் சமையல், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம். நேரமில்லாத நேரத்தில் ஊதினால் உள்ளே பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். "ஆளுங்களை ஏத்திக்கிட்டுக் கூண்டு மேல வர்றப்போ யாரு தலை மொதல்ல தெரியுதுன்னு பாப்போம். நம்மாளு தலை தெரிஞ்சப்புறம்தான் பக்கத்துல நிக்கறவ மூஞ்சியே கண்ணுக்குத் தெரியும்" என்று மேஸ்திரியின் மனைவி ஒருமுறை சொன்னார்.

மேஸ்திரி பாறையில் துளைபோடும் ஆட்களுக்குத் தலைவர். தங்கம் ஆழத்துக்குப் போகப்போக, எடுக்கிற செலவு ஜாஸ்தி, கிடைக்கிறது கம்மி என்று ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் முதலில் வெளியே வந்தார்கள். வேலை போனால் லைன் வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த ஊரில் சொந்தமென்று ஒரு செங்கல் கிடையாது. தாத்தாவின் கிராமத்துக்குப் போனால், டீக்கடையில் அவருக்குத் தனி கிளாசை எடுத்து வைத்தார்கள். பூமிக்கு அடியில் ஒரே தண்ணீர்க் கேனில் வாய்வைத்துக் குடித்துப் பழகிய மனிதர். அந்த டீயைத் தொடாமல் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். கிணற்று விஷயமும் இந்தக் கடைசி விஷயமும் மட்டும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன.

அவர்கள் இருந்த நான்கு மாதமும் எந்தக் குறையும் இல்லை. என் ஒன்பது மாதக் குழந்தையை, நான் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது அவர் மகள்தான் இடுப்பில் வைத்திருப்பாள்.

எதிர்வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக் கடலை மூட்டையோடு ஒரு உறவுக்காரர் வந்தார். அவர் மேஸ்திரியை ஊர் டீக்கடையில் பார்த்திருக்கிறார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு அம்மா குடத்தை வைத்துவிட்டு, "உங்க பின்கட்டுல இருக்கறது எங்க ஊரு காலனி ஆளுங்களாமே, தெரிஞ்சுதான் உட்டீங்களா?" என்று கேட்டாள். சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் "தெரியாதுங்க" என்றேன். வீட்டுக்கு வந்ததும் குழந்தையை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

மாலையில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "கைக்குழந்தை இருக்கிற வீடு. உங்க இருமலைப் பாத்தா பயமா இருக்குது. டி.பி.ன்னு பேசிக்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க" என்றேன். யாரும் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை. அந்த இருமலோடுதான் அவர் முதல் நாளே வந்தார்.

அவர் இரண்டு நாள் கழித்து வேலூர் போய் எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரிடம் எழுதியும் வாங்கி வந்தார். அன்றுதான் அந்தப் படத்தை ஜன்னலில் பிடித்தது. ஆங்கிலத்தில் இருந்த தாளை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். இது காசநோய் இல்லை, பல வருடம் கல்தூசியைச் சுவாசித்ததால் வந்த நுரையீரல் பாதிப்பு, பிறருக்குத் தொற்றாது என்று இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

"இப்ப சொல்லுங்க டீச்சரம்மா. நாங்க எதுக்குக் காலி பண்ணணும்?"

அவர் குரல் உயரவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். என் கணவர்தான் செருமிக்கொண்டு, "தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசறாங்க மேஸ்திரி. நீங்களே புரிஞ்சுக்கணும்" என்றார். "புரியுதுங்க சார். அம்மா சொல்லட்டும்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டார். மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம். நான்காம் வகுப்பில் கனிமங்கள் பாடம். தங்கம் கிடைக்கும் இடத்தைக் கரும்பலகையில் எழுதினேன். "அதை யாரு டீச்சர் எடுக்கறாங்க?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். கூண்டைச் சொன்னேன், சங்கைச் சொன்னேன், மூச்சுத் திணறலைச் சொன்னேன். "அவங்க இப்போ எங்க இருக்காங்க?" என்றாள் அவள். அன்று சாயங்காலமே விசாரிக்கக் கிளம்பினேன்.

விசாரித்ததில் ஊரைத் தாண்டி வேங்கிக்கால் என்றார்கள். அப்போது அங்கே கலெக்டர் ஆபீசெல்லாம் வரவில்லை. வயலுக்கு நடுவே புதிதாகப் போட்ட மனைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாகியிருந்தார். நான் நின்றுகொண்டே, "இருமலுக்காக இல்ல மேஸ்திரி" என்றேன். "தெரியுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அந்த வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

அவர் மனைவிதான் உள்ளேயிருந்து அந்த உறையை எடுத்துவந்தார். "இங்கயும் இருமலைக் கேட்டுட்டு டி.பி.ங்கறாங்க. பொண்ணு நர்ஸ் வேலைக்குப் பழகப் போயிருக்கா, அவகிட்டயும் ஒதுங்கறாங்க. நாங்க சொன்னா நம்பல. நீங்க டீச்சரு, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. நாலு வீட்டுல இதைப் படிச்சுச் சொல்லிட்டுப் போறீங்களா?" என்றார்.

மூன்று வீடுகளில் நான் படித்ததைக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் தாளை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். நான்காவது வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி. எல்லாம் கேட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது சரிங்க. அவங்க எந்த ஆளுங்க?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழகின பதில்தான்.

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றேன். "என் வீட்டுலதான் குடி இருந்தாங்க. அவங்க சாதி தெரிஞ்சதும் இருமலைக் காரணம் சொல்லிக் காலி பண்ண வச்சது நான்தான். என் குழந்தையைத் தூக்கி வளத்தவங்க." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். உறையை மேஸ்திரியின் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "ஊரெல்லாம் போய்ச் சொல்லணுமா?" என்று கோபித்துக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேஸ்திரி இறந்துபோனார். ஐம்பதைத் தொடவில்லை. மகள் வெள்ளைச் சீருடையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். அவர்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். உள்ளே போய்விட்ட அந்தப் பெண்ணும் ஓரமாக நின்றிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும்தான் போயிருந்தேன்.